வெட்டிங் வேறு... மேரேஜ் வேறு!

ஆவணி மாதம் பிறந்து விட்டால் போதும்... அருப்புக்கோட்டையில் எந்தத் தெருவில் நடந்தாலும் வாழை மரமும், மைக்செட் பாட்டும்தான். எனக்கோ கல்யாணப் பந்தலைப் பார்த்தாலே, நான் அசடு வழிந்த கதை ஞாபகம் வந்து விடும்.

வேலையில் சேர்ந்த புதிது. உடன் வேலை பார்த்த ஆசிரியருக்கு, திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். எல்லாரும் காசு போட்டு எவர்சில்வர் குடம் வாங்கினோம். அதில் ஒட்டும் அட்டையில், இங்கிலீஷில் வாழ்த்து எழுதும் பொறுப்பு எனக்கு. 'மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ் ஆப் த டே' என்று முத்து முத்தாக எழுதினேன்.

தலைமை ஆசிரியர் அதைப் படித்து விட்டு, ''ஏம்ப்பா, மாப்பிள்ளை இன்னும் எத்தனை தடவை தாலி கட்டணும்ங்கிறே?'' என்றாரே பார்க்கலாம்... பந்தலே சிரித்தது!

'இந்த நாள் பலமுறை திரும்பி வரட்டும்' என்பது அதன் பொருள். பிறந்த நாள் வருஷா வருஷம் வரும். தாலி கட்டுவது அப்படியா? கல்யாணத்தில், 'விஷ் யூ எ ஹேப்பி மேரீட் லைப்' என்று வாழ்த்துங்க. நடுவில் இருக்கிற அந்தக் குட்டி 'எ'யை மறந்துடாதீங்க.

சரி, கல்யாணத்துக்கு இங்கிலீஷில் வெட்டிங்கா, மேரேஜா?

தாலி கட்டுதல், பந்தி, போட்டோ என்று நடக்கிற விழா, 'வெட்டிங்!' அதன் பிறகு இருவரும் கணவன், மனைவியாக வாழும் உறவு, 'மேரேஜ்!' அதனால்தான் விழாவுக்கு அழைக்கும் பத்திரிகை, 'வெட்டிங் இன்விடேஷன்' ஆகிறது; பதிவு அலுவலகத்தில் தரும் சான்றிதழோ, 'மேரேஜ் சர்டிபிகேட்' ஆகிறது.

இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு, நம்ம ஊர்ப் பக்கமே ஒரு கதை இருக்கு.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்று ஒரு கிராமம். 1928ல் அங்கே ஒரு கல்யாணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. தலைமை தாங்கி நடத்தி வைத்தவர் பெரியார். இதுதான் முதல் சுயமரியாதைத் திருமணம். இங்கிலீஷில், 'செல்ப் ரெஸ்பெக்ட் மேரேஜ்' என்பர். அதன்பின் தமிழகமெங்கும் இப்படிப் பல கல்யாணங்கள் நடந்தன.

ஆனால், சடங்கு இல்லாத கல்யாணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம், 'இப்படி நடந்த திருமணம் செல்லாது' என்றது. யோசித்துப் பாருங்க... ஊரே கூடியது, விருந்து சாப்பிட்டது. வெட்டிங் நடந்து விட்டது. ஆனால், 'வேலிட் மேரேஜ்' இல்லை! பஸ் பாஸில், 'வேலிட்' என்று பார்த்திருப்பீங்களே... அதே சொல்தான். செல்லுபடியாகும் என்று பொருள். செல்லாது என்றால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொத்து உரிமையில்கூட சிக்கல் வரும்.

1967ல், அண்ணாதுரை முதல்வராக இருந்தபோது சட்டம் திருத்தப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில், 'இவரைக் கணவராக, மனைவியாக ஏற்கிறேன்' என்று புரியும் மொழியில் சொன்னாலே போதும்; மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ கூட போதும் என்றானது. முன்பு நடந்தவையும் செல்லும் என்றார்கள். சுக்கிலநத்தம் பந்தியில் பாயசம் குடித்த பொடியன்களுக்கே, அப்போது நாற்பது வயசு தாண்டியிருக்கும்!

மணப்பெண், 'பிரைட்!' மாப்பிள்ளை, 'பிரைட்குரூம்!' குரூம் என்றால் குதிரை பராமரிப்பவர் ஆச்சே என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி! பழைய இங்கிலீஷில், 'குமா' என்றால் ஆண். அந்தச் சொல் வழக்கொழிந்து போனதும், ஜனங்கள் அதை, 'குரூம்' ஆக்கி விட்டனர். மாப்பிள்ளைக்கும் குதிரைக்கும் சம்பந்தமே இல்லை.

'டை த நாட்' என்றால் முடிச்சுப் போடுவது. அதாவது, கல்யாணம் செய்து கொள்வது. அவர்களுக்கு ஒரு முடிச்சு, நமக்கு மூன்று. பல வீடுகளில் மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது.

'ஷீ மேரீட் வித் எ வீவர்' என்று எழுதினால் தப்பு. 'வித்' வேண்டாம், 'ஷீ மேரீட் எ வீவர்' போதும். வீவர் என்றால் நெசவாளி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கணுமா என்ன?

உறவு முறையில் மட்டும் இங்கிலீஷ் ரொம்பக் கஞ்சம். அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள் எல்லாருமே, 'சிஸ்டர் இன் லா' தான். சகலையை, 'கோ பிரதர்' என்று நம்மவர்கள் சொல்வர். லண்டன்காரரிடம் சொன்னால் விழிப்பார்.

அப்புறம், மொய்! அதை, 'கிப்ட்' என்று எழுதினால் சரி வராது. கிப்ட் என்றால் கொடுத்ததோடு மறந்துடணும். மொய்யோ, ஊர், பேர், தொகையோடு நோட்டில் ஏறி விடும். அவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்யணும். இங்கிலீஷ்காரருக்கு நான் இப்படித்தான் சொல்வேன்... 'எ கிப்ட் வித் அன் அக்கவுன்ட் புக்!'