தரிசன நாளிலிருந்து பின்னோக்கி: மதுரையிலிருந்து சபரிமலைக்கு நடைத் திட்டம்

காட்டு வழியாகப் பல நாள் நடப்பதற்கு இரண்டு கணக்குகள் போட வேண்டும். காட்டுக்குள் நுழைய யாரிடம், எந்த நாளுக்கு, எந்த நேரத்துக்கு அனுமதி வாங்குவது என்பது ஒன்று. சோறும் தண்ணீரும் எந்த ஊரில் கிடைக்கும், அதுவரை எவ்வளவு சுமப்பது என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகப் போடுகிறவர்கள்தான் சோதனைச் சாவடி மூடிய பிறகு வந்து நிற்கிறார்கள், அல்லது பாதி வழியில் வெறும் பாட்டிலோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் காடு பொதுவழி அல்ல. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி தரப்படும். இதன் தீவிரத்தை மதுரை வட்டாரம் 2018 மார்ச் 11 அன்று கண்டது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி இல்லை. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. தீப்பருவத்தில் மலையேற்றத்துக்குத் தடை வந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள் இணையவழி முன்பதிவுக்குத் திறக்கப்பட்டன. தேனி மாவட்டத்தின் குரங்கணி–சாம்பலாறு தடமும் அவற்றில் ஒன்று. உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவை பெரும்பாலும் ஒரு பகலில் முடிந்துவிடும் நடைகள். காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவருக்கு ஒரு பொட்டலம் சாப்பாடு போதும். வழியில் எதையும் நிரப்ப வேண்டியதில்லை.

சதுரகிரியும் அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டுக்குள் சதுரகிரி மலையில் இருக்கும் சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குத் தாணிப்பாறையிலிருந்து ஏறுபவர்கள் காலையில் குறித்த நேரத்துக்குள் நுழைந்து மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். மழை வந்தால் பாதை மூடப்படும். 2015 மே மாதம் ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு இறுகியது.

நாள் கணக்கில் நீளும் நடையும், அனுமதி வாங்கிக் கடக்க வேண்டிய காடும் ஒன்றாகச் சேர்வது மதுரைக்காரர்களுக்குக் கார்த்திகை, மார்கழியில்தான். ஆனையூர் போன்ற புறநகர்ப் பகுதிகளிலிருந்து மாலை போட்டவர்கள் குழுவாகச் சபரிமலைக்கு நடக்கிறார்கள். காளவாசலுக்கு வந்து தேனி சாலையைப் பிடித்தால் செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளி ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அங்கிருந்து சன்னிதானத்துக்கு இரண்டு காட்டுவழிகள். வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு வழி குறுகியது. சத்திரத்திலிருந்து காட்டுக்குள் சுமார் 12 கிலோமீட்டர்தான். மற்றது எரிமேலியிலிருந்து தொடங்கும் பெரிய பாதை. பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, கல்லிடும்குன்று, முக்குழி, கரிமலை, பெரியானை வட்டம், சிறியானை வட்டம் தாண்டிப் பம்பையில் முடியும் அந்தப் பாதை 40 கிலோமீட்டருக்கு மேல். முதல் வழியில் போனால் மொத்த நடை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். குமுளியிலிருந்து எரிமேலிக்கு மட்டுமே 70 கிலோமீட்டர் போல ஆகிவிடுவதால், இரண்டாவது வழியில் மொத்தம் 250-ஐத் தாண்டும். முதன்முறை நடக்கும் குழு பெரிய பாதையில்தான் போவேன் என்று அடம்பிடிப்பது பெருமைக்கு உதவலாம், முழங்காலுக்கு உதவாது.

அனுமதியில் முதலாவது தரிசனத்துக்கானது. திருவிதாங்கூர் தேவசம் போர்டின் மெய்நிகர் வரிசையில் ஆளுக்கொரு பதிவு, நாள் குறித்து வாங்க வேண்டும். 2024–25 மண்டல, மகரவிளக்குக் காலத்தில் ஒரு நாளைக்கு 70,000 பேர் இணையத்திலும் 10,000 பேர் நேரடியாகவும் பதிய இடம் வைத்திருந்தார்கள். நேரடிப் பதிவு பம்பை, எரிமேலி, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களில் நடந்தது. இந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு, சில நேரம் பருவத்தின் நடுவிலேயே மாறும். ஆகவே ஒரு வாரம் நடந்துபோகும் குழு நேரடிப் பதிவை நம்பிக் கிளம்புவது சரியல்ல. சலுகைகளையும் நம்ப முடியாது. காட்டு வழியில் நடந்து வருபவர்களுக்குத் தனி அனுமதிச்சீட்டு தந்து வரிசையில் முன்னுரிமை கொடுக்கும் ஏற்பாடு 2024 டிசம்பரில் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் அந்த வழியே வந்ததால், புத்தாண்டு பிறந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது, காட்டுக்குள் நுழையும் நேரம். கையில் தரிசனப் பதிவு இருந்தாலும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் கதவு அதற்காகக் காத்திருக்காது. சத்திரத்தில் காலை 7 மணி அளவில் விடத் தொடங்கி நண்பகல் வாக்கில் நிறுத்திவிடுவது வழக்கம். அழுதைப் பக்கமும் பிற்பகலுக்கு மேல் அனுமதி இல்லை. துல்லியமான நேரத்தை அந்தந்தப் பருவத்தில் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அறிவிக்கும். உள்ளே போனவர்களை எண்ணி, மறுமுனையில் வந்து சேர்ந்தவர்களோடு சரிபார்க்கிறார்கள். யானை நடமாட்டம் இருட்டிய பின் கூடுவதால்தான் இத்தனை கண்டிப்பு. கூட்டத்தைப் பற்றிய அச்சத்துக்கும் காரணம் உண்டு: 2011 ஜனவரி 14 இரவு புல்மேட்டில் மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்ட நெரிசலில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழையும் கதவைச் சாத்தும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த கனமழையில் இரண்டு காட்டு வழிகளுமே சில நாட்களுக்கு மூடப்பட்டன.

திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவது இதனால்தான். தரிசனம் எட்டாம் நாள் என்றால், அன்று காலை 7 மணிக்குச் சத்திரம் சாவடியில் நிற்க வேண்டும். ஏழாம் நாள் இரவுத் தங்கல் சத்திரத்திலோ, வண்டிப்பெரியாற்றிலோ. இரண்டுக்கும் இடையே 14 கிலோமீட்டர் போல இருப்பதால், வண்டிப்பெரியாற்றில் தங்கினால் காலையில் ஜீப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆறாம் நாள் லோயர்கேம்ப் வழியாக மலைச்சாலை ஏறிக் குமுளி. ஐந்தாம் நாள் கம்பம் தாண்டிக் கூடலூர். நான்காம் நாள் உத்தமபாளையம். மூன்றாம் நாள் தேனியிலோ வீரபாண்டியிலோ தங்கல். இரண்டாம் நாள் கணவாயைத் தாண்டி ஆண்டிப்பட்டி. முதல் நாள் செக்கானூரணியைக் கடந்து செல்லம்பட்டிப் பக்கம். சராசரியாக நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர். பழகிய காலுக்கு இது சரியான அளவு. முதல் நாள் உற்சாகத்தில் உசிலம்பட்டி வரை 40 கிலோமீட்டர் இழுத்துவிட்டால் பாதத்துக் கொப்புளத்தோடு மீதி வழியைக் கடக்க நேரும்.

மேலே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது அவசியம். அந்த நாளை எங்கே வைப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். காய்ச்சல், மழை, கால்பிடிப்பு எதுவானாலும் இழந்த நேரம் நடையின் பின்பாதியில்தான் கண்ணுக்குத் தெரியும். எனவே உதிரி நாளைக் கம்பத்திலோ குமுளியிலோ வைப்பது நல்லது. தேவைப்படவில்லை என்றால் கம்பத்தில் ஒரு நாள் கால்களை ஊறவைத்துக்கொண்டு கிடக்கலாம், குறை ஒன்றும் இல்லை.

மதுரைக்கும் கூடலூருக்கும் இடையே சாப்பாடு கவலையே இல்லை. சில கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை, பருவம் முழுக்க அன்னதானப் பந்தல்கள். கம்பம் பள்ளத்தாக்கு வாழையும் திராட்சையும் விளையும் பூமி. இங்கே அரிசி மூட்டை சுமப்பவர் தோளுக்குத் தேவையில்லாத தண்டனை கொடுக்கிறார். வழக்கமாகக் குழுவோடு ஒரு மினி வேன் வரும். பாத்திரம், அடுப்பு, அரிசி, பாய், மருந்து எல்லாம் அதில். விடியுமுன் நடப்பவர்களைத் தாண்டிப் போய், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நிழலும் குழாயும் இருக்கும் இடத்தில் அடுப்பு மூட்டிவிடும். குழு வந்து சேரும்போது கஞ்சி தயாராக இருக்கும். எந்த ஊரில் எந்த மண்டபம், யாரிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது, எந்தக் கோயிலில் குளிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் குழுவை வழிநடத்தும் குருசாமியின் பழைய நோட்டில் இருக்கும். பல ஆண்டு நடந்தவர் வைத்திருக்கும் அந்த நோட்டுக்கு ஈடான வரைபடம் எதுவும் கடையில் கிடைக்காது.

லோயர்கேம்ப்பில் நிலைமை மாறும். குமுளி மலைச்சாலை ஆறேழு கிலோமீட்டர்தான் என்றாலும் வளைவுகள் குறுகலானவை, வேனை நிறுத்தி அடுப்பு வைக்க இடமில்லை. கூட்டம் மிகும் நாட்களில் சபரிமலைக்குப் போகும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகவும், திரும்புபவற்றைக் குமுளி வழியாகவும் ஒருவழிப்பாதையாக விடுவார்கள். அப்போது நடப்பவர்களுக்கு எதிரே இறங்கும் பேருந்துகள்தான் வரிசையாக வரும். வேனும் கம்பம்மெட்டைச் சுற்றித்தான் குமுளிக்கு வந்தாக வேண்டும். எனவே அந்த அரை நாளுக்கான உணவும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் தோளில் இருக்க வேண்டும். ஏற்றத்தை வெளிச்சத்தில் முடிப்பதும், பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்வதும் உயிர் காக்கும்.

சத்திரத்துக்கு அப்பால் வேன் வராது. சுமக்கும் எடை அங்கேதான் பெரிய விஷயமாகிறது. வனத்துறையின் ஏற்பாட்டில் சீதைக்குளம், ஜீரோ பாயிண்ட் போன்ற இடங்களில் தண்ணீர் வைக்கிறார்கள். பெரிய பாதையில் பழங்குடியினரும் வனம் சார்ந்த மக்களும் அங்கம் வகிக்கும் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் கடைகள் நடத்துகின்றன. கடைகள் பருவத்தில் மட்டுமே இருக்கும், கூட்ட நாளில் சரக்கு தீர்ந்துபோகும். ஒரு பகல் தாங்கும் உணவு கையில் இருந்தே ஆக வேண்டும். காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது. சமைக்காமல் தின்னக்கூடியதாக, துணியில் கட்டக்கூடியதாக இருப்பதே பொருத்தம். வெந்த சோறு 100 கிராம் சுமந்தால் கிடைப்பது ஏறத்தாழ 130 கலோரிதான். பாதிக்குமேல் தண்ணீரைச் சுமக்கிறோம். அதே எடை அவல் 350 கலோரி அளவுக்கும், வறுத்த நிலக்கடலை 560-க்கு மேலும் தரும். புளிச்சோற்று மூட்டையைவிட அவலும் வெல்லமும் கடலைமிட்டாயும் மலையேற்றத்துக்கு ஏற்றவை. உப்புக்கு ஒரு கைப்பிடி வறுத்த பயறோ ஊறுகாயோ போதும்.

இருமுடியே இந்தக் கணக்கில் உருவான பைதான். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருளும். பின்முடியில் வழிச் சமையலுக்கான அரிசி. கடையும் வேனும் இல்லாத காலத்தில் நடக்க நடக்கப் பின்முடி மெலிந்து, சன்னிதானம் சேரும்போது காணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கும். இப்போது பின்முடி பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். முன்முடியில் கற்பூரம், சாம்பிராணி, பன்னீர் வேண்டாம் என்று தேவசம் போர்டு 2024-இல் கேட்டுக்கொண்டது.

அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை நீளும் பசிபிக் கிரெஸ்ட் தடத்திலும் இதே இரண்டு கணக்குகள்தான், அளவு மட்டும் பெரிது. நீளம் சுமார் 4,270 கிலோமீட்டர். 800 கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்து நடப்பவர்களுக்கு ஒரே நெடுந்தூர அனுமதி உண்டு; வழியில் வரும் பல வன அலுவலகங்களிடம் தனித்தனியாக நிற்க வேண்டியதில்லை. தெற்கு முனையிலிருந்து வசந்தகாலத்தில் ஒரு நாளைக்கு 50 பேருக்கு மட்டுமே இடம். உணவுக்கு, சில நாள் நடைக்கொரு முறை தடத்தைவிட்டு ஊருக்குள் இறங்குகிறார்கள், அல்லது தங்கள் பெயருக்குத் தாங்களே வழியோர அஞ்சலகங்களுக்குப் பார்சல் அனுப்பிவைத்து எடுத்துக்கொள்கிறார்கள். கரடி மிகுந்த சியரா மலைப்பகுதியில் கரடியால் திறக்க முடியாத டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் பக்தர்கள் பந்தல் போட்டுச் சோறு போடும் வசதி அங்கே கிடையாது. அஞ்சலகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தால் பட்டினிதான் என்பதால் வேலை நேரத்தையும் சேர்த்தே திட்டமிடுகிறார்கள்.

புல்மேட்டு வழியில் போகும் குழு கடைசியாகத் தீர்க்க வேண்டியது வேனின் வழியை. சத்திரத்தில் ஆட்களை விட்ட வண்டி அங்கேயே காத்திருந்து பயனில்லை, ஏனென்றால் தரிசனம் முடித்தவர்கள் பம்பைப் பக்கம் இறங்குவார்கள். வண்டிப்பெரியாறு திரும்பி, குட்டிக்கானம், முண்டக்கயம், எரிமேலி சுற்றி நிலக்கல்லுக்குப் போய் நிற்கும்படி ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மலைச்சாலையிலும் நெரிசலிலும் அதற்கு அரை நாளுக்கு மேல் பிடிக்கும். பம்பையிலிருந்து நிலக்கல்லுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். கேரள அரசுப் பேருந்துகள் இரவு பகலாக ஓடுகின்றன. நிலக்கல் வாகன நிறுத்தம் பரந்தது, செல்பேசிச் சிக்னலும் நிச்சயமில்லை. எந்தப் பகுதியில் வண்டி நிற்கும், எத்தனை மணிவரை காத்திருக்கும் என்பதைச் சத்திரத்தில் பிரியும்போதே முடிவு செய்து, ஒவ்வொருவரும் வண்டி எண்ணோடு சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.