துரு போகட்டும், எஞ்சின் இருக்கட்டும்

மரக்காணம் பக்கம் என்றால் உப்புக் காற்று. உள்ளே தள்ளி வந்தால் சேடை ஓட்டிய சேறு. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துப் பழைய டிராக்டர்களின் மட்கார்டில் இரண்டுமே எழுதியிருக்கும். கரும்புக் கொல்லையிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் உழைத்தவற்றில் மாஸி பெர்குசன் 1035 அதிகம் கண்ணில் படும். 1960-இல் சென்னையில் பிறந்த டாஃபே நிறுவனத்தின் வண்டி. உள்ளே மூன்று சிலிண்டர் சிம்சன் டீசல் எஞ்சின். அப்பா காலத்து வண்டியைப் புதுசாக்க நினைப்பவர் முதலில் தேடுவது சாண்ட் பிளாஸ்டிங், அதாவது அழுத்தக் காற்றில் மணலை அடித்துத் துருவை உரிக்கும் வேலை.

நாசிலை விட்டுக் கிளம்பும் துகள் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைத் தொடும். அந்த வேகத்தில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆறேழு நிமிடம்தான்! மோதியதும் துரு தெறிக்கிறது, துகளும் நொறுங்குகிறது. வில்லங்கம் இந்த நொறுங்கலில்.

முழு மணலுக்கு எஞ்சினின் இடுக்குகளில் இடமில்லை. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் நிற்கும் இடைவெளி 50 மைக்ரான் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். டீசல் பம்பின் பிளஞ்சருக்கோ வெறும் சில மைக்ரான். பொடி அங்கெல்லாம் நுழையும். ஆயில் ஃபில்டர் பெரியதைப் பிடிக்கும், மிக நுண்ணியதை விட்டுவிடும்.

பேரிங்கின் உட்பூச்சு வேண்டுமென்றே மெத்தென்ற உலோகம்: ஈயம், வெள்ளீயம் போன்றவை கலந்தது. வழிதவறி வரும் ஒன்றிரண்டு துகளைத் தனக்குள் புதைத்துக்கொள்ள அந்த ஏற்பாடு. அள்ளிக்கொண்டு வந்தால் கதை மாறும். பாதி புதைந்த துகள்கள் முனையை நீட்டிக்கொண்டு, மேலே சுழலும் எஃகை ராவத் தொடங்கும். மெத்தென்றது பிழைக்கிறது, கடினமானது தேய்கிறது. இந்தத் தலைகீழ்தான் எனக்குத் தீராத வியப்பு.

வெளியே மூடும்போதும் மெத்தென்றதுதான் ஜெயிக்கிறது. பேப்பர் டேப் சில நொடியில் கிழியும், ரப்பர் தாங்கும். விறைப்பான பரப்பில் மோதலின் விசை முழுவதும் சட்டென்று ஒரே புள்ளியில் இறங்கும். ரப்பர் உள்வாங்கி, மோதும் நேரத்தை நீட்டி, துகளைத் திருப்பி அனுப்பிவிடும். கிரானைட்டில் பெயர் பொறிப்பவர்கள் ரப்பர் ஷீட் ஒட்டுவதும் இதனால்தான். ஆகவே டைனமோ, செல்ஃப் மோட்டார், டீசல் பம்ப் கழற்றி வைத்தாயிற்று என்றால், ஆக்சில் ஆயில் சீலுக்குப் பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றினால் போதும்.

இன்டேக், சைலன்சர் போன்ற திறந்த வாய்களுக்கோ தகடு வெட்டி, கேஸ்கட் வைத்து, போல்ட் போட்டு முறுக்க வேண்டும். கந்தல் துணி உதவாது; இழைகளுக்கு நடுவே பொடி போய்விடும். டிப்ஸ்டிக் குழாய் எல்லோருக்கும் நினைவிருக்கும். பலர் மறப்பது பிரீதரை, எஞ்சின் மூச்சுவிடும் அந்தச் சின்னக் குழாயை. காலித் துளைகளில் பழைய போல்ட்டை ஏற்றிவிட்டால் மரை தப்பும்.

மணல் என்றதும் ஆற்று மணலை அள்ளிவிடக் கூடாது. அதன் சிலிக்கா தூள் நுரையீரலில் சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். தென்கோடிக் கடற்கரைகளில் கிடைக்கும் செந்நிறக் கார்னெட் நல்லது. அதற்கும் முகமூடி வேண்டும்.

உரித்த இரும்பு கடற்காற்றில் ஒரு ராத்திரி தாங்காது. அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். தகடுகளை மட்டும் அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது. அவற்றின் விளிம்பிலும் போல்ட் தலையைச் சுற்றியும் மணல் ஒளிந்திருக்கும். அசைத்த உடனே நேராக உள்ளே விழும். காற்றடித்து, தின்னர் தொட்ட துணியால் விளிம்பைத் துடைத்த பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும்.