மழலையர்க்கு ஏற்ற நகைச்சுவைப் படநூல்கள்

கோலார் தங்கவயலில் நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியிலோ பெரும்பாலும் ஆங்கிலமும் கன்னடமும் கற்கின்றனர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பெற்றோர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். எஞ்சுவது உறங்குமுன் உள்ள கால்மணி நேரமே. அந்நேரத்தில் தமிழ் எழுத்தைக் குழந்தையின் கண்முன் கொணர, சிரிக்கவைக்கும் விலங்குக் கதை நூலினும் சிறந்த துணை வேறில்லை. அதனைத் தேர்வது எங்ஙனம்?

முதலாவது, அறிந்த விலங்கு. எதிர்பார்ப்புப் பொய்க்கும்போது நகை பிறக்கிறது. ஆடு எப்படி நடக்கும் என்று அறிந்த குழந்தையே, ஆடு குடைபிடித்து நடந்தால் சிரிக்கும். அறியாத விலங்கு எது செய்தாலும் அதற்குப் புதுமையே, வேடிக்கை ஆகாது.

இரண்டாவது, ஓசை. அசோக் ராஜகோபாலன் எழுதிப் படமும் வரைந்த ‘கஜபதி குலபதி’, சளிபிடித்த யானையின் கதை. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் வெளியீடு. பெயரைச் சொல்லும்போதே தாளம் பிறக்கிறதன்றோ! எந்நூலையும் வாங்குமுன் ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாவு இடறினால் அந்நூல் வேண்டா.

மூன்றாவது, பக்க அமைப்பு. வியப்பு அடுத்த பக்கத்தில் ஒளிந்திருக்க வேண்டும். “இனி என்ன நடக்கும்?” என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டுவதிலேதான் பாதிச் சிரிப்பு.

நான்காவது, நகையின் தன்மை. நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் தொல்காப்பியர் வைத்துள்ளார். மழலைக்கு ஏற்றது பேதைமையே. பருத்த உடலையும் கறுத்த நிறத்தையும் எள்ளும் நூல், கேட்கும் குழந்தையையே புண்படுத்தக்கூடும்.

தமிழ் எழுத்தறியாத தாய்மார் என் செய்வர்? தூலிகாவின் இருமொழி நூல்களில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ளன. பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் தமிழ், கன்னடம் முதலிய பல மொழிக் கதைகளை விலையின்றிப் படிக்கலாம். தாய் கன்னடத்தில் கதையை அறிந்து தமிழில் சொல்லட்டும். மூத்த பிள்ளை தமிழ் எழுத்தைத் தொட்டுக் காட்டட்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, தின்பண்டப் பொட்டலத்தோடு இத்தகைய நூலொன்றும் எடுத்துச் செல்லுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், ஒருமுறையேனும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.