கோமாரி வந்தால் சந்தையை மூட வேண்டுமா?

ஒரு வட்டாரத்தில் கோமாரி தலைகாட்டியதும் அங்குள்ள மாட்டுச் சந்தையை மூடும்படி உத்தரவு வருவதுண்டு. உடனே இரு வகையான பேச்சு எழும். "ஊரெல்லாம் நோய் பரவிய பிறகு சந்தையை மூடி என்ன பயன்?" என்பார் ஒருவர். "சந்தை இருந்தால்தானே மாடு விற்கும்? மாடு விற்றால்தானே கடனை அடைக்க முடியும்?" என்பார் மற்றொருவர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

சிறு விவசாயிக்கு மாடுதான் சேமிப்பு. பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்டவும், நடவுக்கு உரம் வாங்கவும், வீட்டில் நல்லது கெட்டது என்றால் கைச்செலவுக்கும் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது சந்தைக்குத்தான். அதை மூடினால் முதலில் பாதிக்கப்படுபவர் அவரே. ஆனால் மூடாமல் விட்டால், ஒரே வாரத்தில் அந்தச் சேமிப்பே நுரை தள்ளி நிற்கும். ஆகவே மூடலாமா, கூடாதா என்பதோடு, எப்போது, எவ்வளவு நாட்களுக்கு, எந்த ஏற்பாட்டுடன் மூடுவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சந்தையில் நோய் பரவும் விதம்

காணை என்றும் கால் வாய் நோய் என்றும் சொல்லப்படும் கோமாரி, நச்சுயிரியால் வருவது. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, பன்றி ஆகிய பிளவுபட்ட குளம்புள்ள எல்லாப் பிராணிகளையும் தாக்கும். கடும் காய்ச்சல், நூல் நூலாக வடியும் எச்சில், நாக்கிலும் ஈறுகளிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் ஆகியவை நாம் அறிந்த அறிகுறிகள். பால் சட்டென்று குறையும். உழவு மாடு நொண்டும். இளங்கன்றுகளில் இருதயம் பாதிக்கப்பட்டு, நேற்று துள்ளிய கன்று இன்று விழுந்து கிடக்கும். கலப்பின மாடுகளுக்குப் பாதிப்பு அதிகம்.

நோய்க்கிருமி உடலில் புகுந்து அறிகுறி வெளிப்பட 2 முதல் 14 நாட்கள் ஆகும். கொப்புளம் வெடிப்பதற்கு முன்பே மூச்சிலும் எச்சிலிலும் பாலிலும் கிருமி வெளிவரத் தொடங்கிவிடுகிறது. எனவே சந்தை வாசலில் நின்று வாயைத் திறந்து பார்த்து, "இது நல்ல மாடு" என்று உள்ளே விடுவதால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது. செம்மறி ஆட்டில் அறிகுறி கண்ணுக்கே தெரியாமல் போவதும் உண்டு.

சந்தையில் நூறு ஊர் மாடுகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. ஒரு மாட்டின் வாயைப் பிடித்துப் பல்லைப் பார்த்த தரகர், அதே கையால் அடுத்த மாட்டின் வாயைத் திறக்கிறார். மாலையில் அந்த மாடுகள் நூறு திசைகளில் பிரிகின்றன. மனிதருக்கு இந்த நோய் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அவருடைய செருப்பு, வேட்டி, கை, லாரித் தளம், மூக்கணாங்கயிறு எல்லாம் கிருமியைச் சுமக்கும்.

பத்து நாள் தாமதம்

சந்தையை எப்போது மூடுவது என்பதற்கு இங்கிலாந்து நாட்டு அனுபவம் நல்ல பாடம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி, எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஓர் இறைச்சிக் கூடத்துக்கு வந்த பன்றிகளுக்குக் கோமாரி என்று உறுதியானது. விசாரித்துப் பார்த்தபோது, வடக்கே வெகு தொலைவில் உள்ள ஒரு பன்றிப் பண்ணையில் அதற்கு முன்பே நோய் இருந்தது தெரியவந்தது. அங்கிருந்து பக்கத்துப் பண்ணைச் செம்மறி ஆடுகளுக்குத் தொற்றியிருக்கிறது. அந்த ஆடுகள் பிப்ரவரி 13ஆம் தேதி ஹெக்ஸம் என்ற ஊர்ச் சந்தைக்குப் போயின. அங்கிருந்து வியாபாரிகள் கைமாறி லாங்டவுன் என்ற பெரிய சந்தைக்கும் வந்தன. நாடு முழுவதும் கால்நடைப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது பிப்ரவரி 23ஆம் தேதிதான்.

நடுவில் பத்து நாட்கள். நோய் இருப்பதே முதலில் யாருக்கும் தெரியாது. உறுதியான பிறகும் மூன்று நாட்கள் கழிந்தன. நோய் கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் கிருமி குடியேறிவிட்டது. செப்டம்பர் மாதக் கடைசி வரை நீடித்த அந்த நோயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் பாதிக்கப்பட்டன. 60 இலட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2007 ஆகஸ்டு 3ஆம் தேதி அதே நாட்டில் சர்ரே பகுதியில் மீண்டும் கோமாரி உறுதியானது. இம்முறை அன்றைக்கே போக்குவரத்தை நிறுத்தினார்கள். நோய் எட்டுப் பண்ணைகளோடு அடங்கியது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், முதல் நாளே கதவை அடைத்தது முக்கியமான காரணம். இன்னொரு விஷயமும் உண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் நோய் தீர்ந்தது என்று கட்டுப்பாடுகளை நீக்கிய சில நாட்களிலேயே மறுபடியும் நோய் தென்பட்டது. மூடுவதில் வேகம் வேண்டும். திறப்பதில் பொறுமை வேண்டும்.

நம் நாட்டில் மனிதர்களின் தொற்றுநோயிலும் இதைப் பார்த்தோம். 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தை மே 5ஆம் தேதி மூடப்பட்டது. அதற்குள் அங்கிருந்து சொந்த ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு நோய் அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சந்தை பிறகு திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்று ஏற்பாடு முன்கூட்டியே இருந்திருந்தால் விவசாயிக்கும் நஷ்டம் குறைந்திருக்கும், நோயும் குறைந்திருக்கும்.

ஒரு சந்தையை மட்டும் மூடினால்?

செவ்வாயன்று பொள்ளாச்சி, புதனன்று மணப்பாறை, வியாழனன்று ஈரோடு கருங்கல்பாளையம் என்று வாரம் முழுவதும் எங்காவது ஒரு பெரிய சந்தை கூடுகிறது. இங்கெல்லாம் அண்டை மாநில வியாபாரிகளும் வருகிறார்கள். ஒன்றை மட்டும் மூடினால், அங்கே நிற்க வேண்டிய மாடு மறுநாள் அடுத்த சந்தையில் நிற்கும். நோயை நாமே லாரியில் ஏற்றி அனுப்பியது போலாகும். ஆகவே மூடுவதானால் சுற்றுவட்டாரச் சந்தைகள் அனைத்தையும் ஒரே நாளில் மூட வேண்டும்.

"அடுத்த வாரம் முதல் சந்தை கிடையாது" என்று முன்னறிவிப்புக் கொடுப்பதும் ஆபத்து. அந்தக் கடைசிச் சந்தைக்கு எல்லாரும் அவசரமாக மாட்டை ஓட்டி வருவார்கள். காய்ச்சல் கண்ட மாட்டையும் சிலர் ஓட்டி வருவார்கள். மூடும் அறிவிப்பு உடனே நடைமுறைக்கு வர வேண்டும். திறக்கும் நாளைத்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "எப்போது திறக்கும்?" என்பது தெரிந்தால் விவசாயி பொறுத்திருப்பார். தெரியாவிட்டால் வீடு தேடி வரும் தரகரிடம் பாதி விலைக்கு மாட்டைத் தள்ளிவிடுவார். அப்படி வாசல் வழியாக நடக்கும் வியாபாரம், சந்தையைவிடக் கண்காணிப்புக் குறைந்தது. ஐந்தாறு தொழுவங்களில் கால் வைத்துவிட்டு வரும் தரகரே நடமாடும் சந்தைதான்.

எதை மூடுவது, எதை விடுவது?

நோய் எதில் ஏறி வருகிறதோ அதை நிறுத்தினால் போதும். எல்லாவற்றையும் மூடினால் நஷ்டம்தான் பெருகும். 2001இல் இங்கிலாந்தில் கிராமப்புற நடைபாதைகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக அடைத்தார்கள். சுற்றுலாவை நம்பியிருந்தவர்கள் பெரும் இழப்புக்கு ஆளானார்கள். பிறகு நடந்த விசாரணையில் அந்த ஒட்டுமொத்த அடைப்புத் தவறு என்றே கூறப்பட்டது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு தோல் கழலை நோய் பரவி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. அந்த ஆண்டு ராஜஸ்தானில் புகழ்பெற்ற புஷ்கர் விழா நடந்தது. ஆனால் கால்நடைச் சந்தைக்குத் தடை விதிக்கப்பட்டது. மனிதர் கூடலாம், மாடு கூடக் கூடாது என்பது சரியான முடிவு. இந்த நோயை ஈ, கொசு, உண்ணி ஆகியவையும் பரப்பும். ஆதலால் சந்தையை மூடுவதோடு தொழுவத்தில் ஈக்களை ஒழிப்பதும் சேர்ந்தால்தான் பலன் உண்டு.

நம் ஊர்களில் கோமாரி கண்டால், மாட்டுச் சந்தையையும் ஆட்டுச் சந்தையையும் சேர்த்தே மூட வேண்டும். கோயில் திருவிழா நடக்கலாம். அதை ஒட்டிய மாட்டுத் தாவணி வேண்டாம். பொது மேய்ச்சலையும், ஏரிக்கரையில் எல்லா மாடுகளும் ஒன்றாகத் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்த வேண்டும். பால் சங்கத்தை மூட வேண்டியதில்லை. மாட்டைச் சங்கத்துக்கு ஓட்டிச் சென்று கறப்பதைத்தான் நிறுத்த வேண்டும். காய்கறி வாரச் சந்தைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை.

மூடிய நாட்கள் ஊசிக்கான நாட்கள்

சந்தையை மூடுவது மருந்தாகாது. அவகாசம் மட்டுமே தரும். அந்த அவகாசத்தில் தடுப்பூசி போடாவிட்டால் மூடியதெல்லாம் வீண். ஊசி போட்ட பிறகு உடலில் எதிர்ப்புச் சக்தி ஏற்பட இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். சந்தை மூடியிருக்கும் அந்த வாரங்களில், நோய் கண்ட கிராமத்தைச் சுற்றி வளையம் போட்டது போல வெளியிலிருந்து உள்நோக்கி ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டும்.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரித் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. நான்கு மாதம் நிறைந்த கன்றுக்கு முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசியும் போட வேண்டும். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம், பிறகு சரியாகிவிடும். அதற்குப் பயந்து முகாம் நாளில் மாட்டைக் காட்டுக்கு ஓட்டிவிடுபவர், தம் மாட்டை மட்டுமின்றிப் பக்கத்துத் தொழுவத்தையும் ஆபத்தில் விடுகிறார்.

நஷ்டம் யார் தலையில்?

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, நோய் கண்ட பகுதியில் சந்தைகளையும் கண்காட்சிகளையும் தடை செய்யலாம். நோய் அறிகுறி தெரிந்தால் உரிமையாளர் தகவல் தர வேண்டும். நோயுள்ள மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவது குற்றம். 2013ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கோமாரி கடுமையாகப் பரவியபோதும் பல மாவட்டங்களில் சந்தைகள் மூடப்பட்டன.

உத்தரவு போட்டால் மட்டும் போதாது. ஊர் முழுவதன் நன்மைக்காக ஒருவர் தம் மாட்டை விற்காமல் வைத்திருக்கும்போது, அந்தப் பாரம் முழுவதையும் அவர் தலையிலேயே வைப்பது நியாயமாகாது. மூடிய வாரங்களுக்குக் கூட்டுறவுக் கடன் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும். சந்தைக் குத்தகை எடுத்தவருக்கும் அந்த நாட்களின் தொகையைக் கழித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் சந்தையைத் திறந்து வைக்கவே அவர் முயல்வார். விவசாயச் சங்கங்கள் சந்தையைத் திறக்கச் சொல்லிப் போராடுவதைவிட இவற்றைக் கேட்டுப் பெறுவது நல்லது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. எச்சில் வடிதல், நொண்டுதல், பால் குறைதல் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லவும். 1962 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

2. நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டவும். நல்ல மாடுகளுக்கு முதலில் தீனி வைத்துப் பால் கறந்த பிறகே நோய் மாட்டிடம் போகவும்.

3. பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவை சோடா கரைத்துத் தொழுவம், வாளி, கயிறு ஆகியவற்றைக் கழுவவும். தொழுவ வாசலில் இந்தக் கரைசலில் நனைத்த சாக்கைப் போட்டு, அதை மிதித்து வரவும்.

4. நோய்க் காலத்தில் தரகரையோ வெளியாரையோ தொழுவத்துக்குள் விட வேண்டாம்.

5. சந்தை திறந்த பிறகு, காது வில்லையும் தடுப்பூசிப் பதிவும் உள்ள மாடாகப் பார்த்து வாங்கவும். வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டிவைத்துப் பிறகு மந்தையில் சேர்க்கவும். நோயிலிருந்து தேறிய மாட்டின் தொண்டையில் மாதக்கணக்கில் கிருமி தங்குவதுண்டு.

6. மீந்த தீவனத்தைச் சந்தையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். லாரியைக் கழுவிய பிறகே அடுத்த மாட்டை ஏற்றச் சொல்லவும்.

காய்ச்சல் கண்ட மாட்டை இரவோடு இரவாக ஓட்டிச் சென்று விற்றுவிட்டால் ஒருவர் தப்பிவிட்டதாக நினைக்கலாம். ஆனால் அதை வாங்கியவரும் இன்னொரு சிறு விவசாயிதான். இன்று நாம் விற்ற நோய், பத்து நாளில் நம் ஊர்ச் சந்தைக்கே வேறொரு கயிற்றில் திரும்பி வரும். மூன்று வாரம் சந்தை இல்லாமல் சமாளித்துவிடலாம். தொழுவம் காலியானால் அதை நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும்.