இடிச்சுக் கட்டறாங்க!

போன வாரம் எங்க ஆபீஸ் மேனேஜர், ‘டீமை ரீபில்ட் பண்ணப் போறோம்’னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், டல்லாஸ் கௌபாய்ஸ்.

அமெரிக்க ஃபுட்பால் டீம் அது. (பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். பேர் மட்டும் ஃபுட்பால்!) 1989-ல் ஜெர்ரி ஜோன்ஸ் அதை வாங்கினார். 29 சீசன் கோச்சாக இருந்த டாம் லாண்ட்ரிக்குக் கல்தா! புது கோச் ஜிம்மி ஜான்சன் வந்த வேகத்தில், டீமின் பெரிய ஸ்டாரான ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குத் தள்ளிவிட்டார். பதிலுக்கு வந்ததில் முக்கியமானது, இனிமேல் காலேஜிலிருந்து வரப்போகிற பையன்களைப் பொறுக்கி எடுக்கும் உரிமை. கறக்கிற பசுவை விற்று, பிறக்காத கன்றுக்கு அட்வான்ஸ்!

அந்த சீசனில் 16 மேட்ச்சில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஆனால், அந்த உரிமைகளில் ஒன்றை வைத்துத்தான் 1990-ல் எம்மிட் ஸ்மித்தை வளைத்தார்கள். 1993 ஜனவரியில் பஃபலோவை 52-17 என்று துவைத்து சூப்பர் பௌல் கோப்பை.

1989-ல் அடி வாங்கியவர்களில் பலர் அன்றைக்கு டீமிலேயே இல்லை. இருந்தவர் ட்ராய் எய்க்மேன். முதல் வருஷம் அவர் துவக்கி ஆடிய 11 மேட்ச்சும் தோல்வி. கோப்பை நாளில் அவர்தான் ஆட்ட நாயகன்.

நான் எய்க்மேனா, வாக்கரா? மேனேஜர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.