வில்லின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்

உங்கள் வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் உண்டா? 1985-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டியானால் மிகவும் நல்லது. பின்சக்கரத்தின் இருபுறமும் சுருள்வில் சூழ்ந்த உருளைகள் இரண்டு நிற்பதைக் காணலாம். இவற்றுக்கு 'ஷாக் அப்சார்பர்' என்று பெயர். அதிர்ச்சியை விழுங்குவது என்று பொருள். ஆனால், பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வெளியே தெரியும் சுருள்வில்தான். உள்ளே இருக்கும் எண்ணெயின் வேலை வேறு. அது வில்லின் ஆட்டத்தை அடக்குகிறது.

எப்படி அடக்குகிறது? உருளைக்குள் பிஸ்டன் நகரும்போது, அதிலுள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கியடித்துச் செல்ல வேண்டியிருக்கிறது. வில்லில் சேர்ந்த ஆற்றல் இதனால் வெப்பமாக மாறிவிடுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடி வந்த வண்டியின் உருளையைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். (பக்கத்திலுள்ள சைலன்சரைத் தொட்டுவிடாதீர்கள்!) பாடநூலில் 'தடையுறு அலைவு' என்று நீங்கள் படிப்பது இதைத்தான்.

எண்ணெய் கசிந்து போனால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் ஏறி அமர்ந்ததும் எடையால் வில் 5 செ.மீ. குறுகுகிறது என்று கொள்வோம். 9.8-ஐ 0.05-ஆல் வகுத்தால் 196. அதன் வர்க்கமூலம் 14. அதை 6.28-ஆல் வகுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 2.2 அலைவுகள். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 10 மீட்டர். ஆக, ஓர் ஆட்டம் முடிவதற்குள் வண்டி நாலரை மீட்டர் போய்விடும். சாலையின் மேடுகளும் அதே இடைவெளியில் அமைந்துவிட்டால், ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளுவது போல ஒவ்வொரு மேடும் வண்டியைத் தள்ளும். ஒத்ததிர்வில் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். சக்கரம் தரையை விட்டு எழும்பிய கணத்தில் பிரேக்கை மிதித்து என்ன பயன்? சக்கரம்தான் நிற்கும், வண்டி நிற்காது. இதை வெறும் சொகுசுக் குறைவாகப் பலர் எண்ணுகிறார்கள். பிரேக் தேய்ந்ததற்கு நிகரான குறை என்பேன் நான்.

சோதிப்பது எளிது. ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, ஸ்டாண்டு போடாத வண்டியின் பின்இருக்கையைப் பலமாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். எழுந்ததும் அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினாலோ, தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ மாற்றவேண்டியதுதான்.

பெரியவர் ஒருவர் உடனிருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தின் அடியில் மரக்கட்டை கொடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கத்து உருளை சக்கரச் சட்டத்தை அதே உயரத்தில் பிடித்துக்கொண்டிருப்பதால், புதியதன் துளைகள் நேராக வந்து பொருந்தும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் சட்டம் தொங்கிப்போகும். வாஷர்கள் இருந்த வரிசையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அடுத்த பக்கம். சிக்கனம் கருதி ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது. ஒருபுறம் விறைப்பாகவும் மறுபுறம் தளர்வாகவும் இருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். வில்லின் இறுக்கத்தை மாற்றும் வளையமும் இருபுறமும் ஒரே படியில் இருக்கட்டும்.

கழற்றிய பழையதைத் திறந்து பார்க்க ஆசை வரும். வேண்டாம். வண்டியிலிருந்து எடுத்த பின்பும் அதன் வில் அமுக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. மூடியை அவிழ்த்தால் முகத்தில் பாயும். அப்படியே பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள்.