உங்களுக்குத் தெரியுமா? கருவிகளின் வழியே கேட்ட குரல்

பேசும்படங்கள் வேரூன்றிவிட்ட பின்னரும், 1936-இல் வெளியான சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ பெரிதும் மௌனப்படமாகவே எடுக்கப்பட்டது. அதில் பேச்சொலி பெரும்பாலும் முதலாளி தோன்றும் திரை, இசைத்தட்டு, வானொலி ஆகிய கருவிகளின் வழியாகவே கேட்க, தொழிலாளியின் சொற்கள் எழுத்து அட்டைகளில் மட்டுமே வருகின்றன. ஒவ்வொருவரும் ஒரே சிறு வேலையை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்யும் தொடர் உற்பத்தி முறையைச் சாடும் இப்படத்தின் மிகக் கூர்மையான காட்சி, உணவு இடைவேளையை மிச்சப்படுத்தக் கொண்டுவரப்படும் ஊட்டும் இயந்திரம் பழுதடைந்து, சுழலும் சோளக்கதிரை நாயகனின் வாயில் வைத்துத் தேய்ப்பதேயாகும். முதலாளி அதை வேண்டாமென்பதும் அவன் பட்ட துன்பத்திற்காக அன்று, நடைமுறைக்கு ஒவ்வாது என்பதற்காகவே. சாப்ளினின் குரல் திரைப்படத்தில் முதன்முதலாக ஒலித்ததும் இப்படத்தில்தான். ஆனால் அவர் பாடியது எம்மொழிக்கும் உரியதல்லாத, பொருளற்ற சொற்களாலான பாட்டு.